டெல்லிக்குப் போன பெயர்

“உஷ்… உஷ்ஷ்…”

அந்தச் சத்தம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. நீங்கள் தினமும் கேட்கிறவர், உங்கள் காதில் விழாமலே போயிருக்கும். எனக்குக் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த புதிது. ஐகோர்ட்டைக் காட்டுகிறேன் என்று என் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனார். நீளமான தாழ்வாரம். கையில் வெள்ளிக் கோலோடு டவாலி முன்னால் வருகிறார், பின்னால் நீதிபதி. டவாலி வாயைக் குவித்து உஷ், உஷ் என்கிறார், அவ்வளவுதான். வக்கீல்களும் கட்சிக்காரர்களும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்குகிறார்கள். அலை திரும்பிப் போகும்போது மணலிலிருந்து ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதுபோல இருந்தது. நான் கல்லூரியில் இலக்கியம் படித்தவள், சத்தத்துக்கு மயங்குகிறவள். “ஒருநாள் உங்களுக்கு முன்னாலயும் இப்படிச் சொல்லிட்டுப் போவாங்களா?” என்று கேட்டேன். “மெதுவாப் பேசு” என்றார்.

உங்கள் மடியில் இருக்கிற பேப்பரைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டேன். நீதிபதிகளை நியமிக்கிற ஆணையம் செல்லாது என்று தீர்ப்பு வந்திருக்கிறதாமே. நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுப்பார்களாம். கொஞ்சம் கொடுங்கள், தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் தருகிறேன். கறுப்புக் கோட்டை மடித்துப் பையில் வைத்தீர்களே, அப்போதே வக்கீல் என்று தெரிந்துகொண்டேன். மதுரை பெஞ்சுக்கா? நான் திருநெல்வேலிக்கு. காரியம் ஒன்றும் இல்லை, வீட்டில் உட்கார முடியவில்லை, கிளம்பிவிட்டேன். உங்களை நீங்கள் என்றே சொல்கிறேனே. கோட்டுப் போடுகிறவர்களை நீ என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

என் வீட்டுக்காரர் தீத்தாரப்பன். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். சிவில் அப்பீலில் அவரைப் போல ஆள் கிடையாது என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். நீதிபதி ஆகியிருக்க வேண்டியவர். ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். கூடவே இருந்த ஒருவர் கெடுத்தார். பெயரைச் சொல்வதற்கு எனக்குப் பயமில்லை. ஞானசிகாமணி.

பாளையங்கோட்டைக்காரர். இவரும் அவரும் ஒரே வருஷம் பி.எல். படித்தவர்கள். ஒரே நாளில் கோட்டுப் போட்டவர்கள். சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டு ஆபீஸ் அறைக்கு வந்துவிடுவார். காபி குடிப்பார், சர்க்கரை போதாது என்பார், “மதினி, உங்க கைக்கு இன்னிக்கு என்ன கோவம்?” என்பார். நன்றாகத்தான் பேசுவார், அதுதான் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

இருவருக்கும் ஒரே சண்டை. நீதிபதியை யார் நியமிப்பது? மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி நாலாவது ஆளை நாட்டுக்கே தலைமை நீதிபதியாக்கினார்களே, அந்த வருஷம் ஆரம்பித்தது. நெருக்கடி நிலையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்தது. அது முடிந்த பிறகு மறுபடி உரக்க நடந்தது.

“சர்க்காரே ஆளை வச்சா, சர்க்கார் மேல கேஸ் வரும்போது அந்த ஆளு என்னவே செய்வாரு?” என்பார் இவர்.

“சீஃப் ஜஸ்டிஸ் வச்சா மட்டும்? அவருக்கும் ஒரு மச்சினன் இருப்பாம்லா.”

“மச்சினன் இல்லாத ஆளாப் பாத்து வைப்போம்.”

“அப்ப ஒண்டிக்கட்டைகளாத்தான் தேடணும் வே. கோர்ட்டு சாமியார் மடம் ஆயிரும்.”

அரசியல் நிர்ணய சபையிலேயே இது வந்ததாம். தலைமை நீதிபதி சம்மதித்தால்தான் நியமிக்கலாம் என்று எழுதுங்கள் என்று சிலர் கேட்டார்களாம். அவரும் நம்மைப் போல மனிதர், முழு அதிகாரத்தையும் ஒருவர் கையில் கொடுக்க வேண்டாம், கலந்து பேசினால் போதும் என்று விட்டுவிட்டார்களாம். அதைப் பிடித்துக்கொள்வார் ஞானசிகாமணி. “ஓட்டுப் போட்டு வந்தவன் தப்புப் பண்ணினா அஞ்சு வருஷத்துல இறக்கிரலாம். சீஃப் ஜஸ்டிஸை எப்படி வே இறக்குவீரு?” இவருக்கு முகம் சிவந்துவிடும். “கேட்டு வாங்கற இடமா ஆகிறக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்லுதது. ஒருத்தன் வாயைத் திறந்து கேட்டுட்டான்னா அவன் அதுக்கு லாயக்கு இல்ல.” இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன். அடுப்படியிலிருந்து அவரோடு சேர்ந்து நானும் முணுமுணுப்பேன், பாட்டு மாதிரி.

இது என்ன ஸ்டேஷன்? விழுப்புரமா? அதற்குள்ளாகவா?

சரி. ஒருநாள் ஐகோர்ட்டுத் தலைமை நீதிபதி இவரைச் சேம்பருக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கண்டிப்பானவர். உங்கள் பெயரை அனுப்பலாம் என்று இருக்கிறேன், சம்மதமா என்று கேட்டாராம். சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். “ஆவுடை, ஒரு விஷயம். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது” என்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

பெயர் கோட்டைக்குப் போய், அங்கிருந்து டெல்லிக்குப் போய், அங்கே எல்லா மேஜையும் தாண்டிக் குடியரசுத் தலைவர் கையெழுத்தாகி வர வேண்டும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது, யாரையும் போய்ப் பார்க்கக் கூடாது, எங்கே இருக்கிறது என்றுகூட விசாரிக்கக் கூடாது. அதுதான் வழக்கம். சிலர் அறிவிப்பு வருகிற வரைக்கும் வாதாடிக்கொண்டேதான் இருப்பார்கள். இவருக்கு அது ஒப்பவில்லை. நாளைக்கு யாரோடு பெஞ்சில் உட்காரப் போகிறோமோ அவர் முன்னால் இன்றைக்கு நின்று கட்சிக்காரனுக்காக வாதாடலாமா என்றார். புது கேஸ் எடுப்பதை நிறுத்தினார். பழைய கேஸ் கட்டுகளை வேறு ஒருவரிடம் கொடுத்தார். யாரிடம்? ஞானசிகாமணியிடம். அதனால் அவருக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. கவனித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கு வெளியே விஷயம் தெரிந்த ஒரே ஆள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என் தங்கையிடம் சொன்னேன், அவள் வேற்றாளா? கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்லும்போது, என்ன விசேஷம் அம்மா என்று குருக்கள் கேட்டார். சாமி முன்னால் நின்று பொய் சொல்ல முடியுமா? ஜன்னல் திரை தைக்க வந்த டெய்லரிடம், துணி நல்லதாக இருக்கட்டும், இனிமேல் வருகிறவர்கள் பெரிய மனிதர்களாக இருப்பார்கள் என்று மட்டும் சொன்னேன். எதிர் வீட்டுக் கொலுவுக்கு அந்த வருஷம் போகவில்லை. நீதிபதி வீட்டார் எல்லா வீட்டுக்கும் போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டு நிற்கக் கூடாது. அந்த அம்மாள் காரணம் கேட்டாள். “பிறகு உங்களுக்கே தெரியும்” என்றேன். அதில் என்ன இருக்கிறது?

மாசம் போகிறது, ஒன்றும் வரவில்லை. அந்த மாதங்களை எப்படிச் சொல்வது. ஆபீஸ் அறையில் ஆள் நடமாட்டம் இல்லை. குமாஸ்தா வேலாயுதம் காலையில் வந்து நாற்காலிகளைத் துடைப்பார், அதே நாற்காலிகளைச் சாயங்காலமும் துடைப்பார். இவர் சட்டப் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்து வருஷ வாரியாக அடுக்குவார், பிறகு வேறு மாதிரி அடுக்குவார். டெலிபோன் அடித்தால் எழுந்து நிற்பார், எடுக்கமாட்டார். நான்தான் எடுக்க வேண்டும். ராங் நம்பர். பேப்பரில் வேறு யாருடைய பெயராவது வரும். “நல்ல மனுஷன், தகுதியான ஆள்” என்பார். இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ராத்திரி மாடியில் நடக்கிற சத்தம் கேட்கும். போகும்போது ஒரு தாளம், திரும்பும்போது ஒரு தாளம், இடது காலை லேசாக இழுப்பார். இப்போதும் சில நாள் கேட்கிறது. அந்த வீட்டை விற்று வெகுகாலமாகிறது, இருந்தாலும் கேட்கிறது.

“போய் விசாரிச்சா என்ன? நம்ம பேர்தானே?” என்று கேட்டேன் ஒருநாள்.

“ஆவுடை” என்றார். அவ்வளவுதான். என் பெயரையே ஒரு தீர்ப்பு மாதிரி சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்யாணம். எங்கள் சொந்தத்தில், அடையாறில். இவர் வரவில்லை, நான் மட்டும் போனேன். அங்கே லோசனி வந்திருந்தாள். மீனலோசனி, என்னோடு கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவள். அவள் வீட்டுக்காரர் அப்போது டெல்லியில் எம்.பி., ஆளும் கட்சி. பட்டுப் புடவையும் டெல்லி மினுக்குமாக ஆளே பளபளவென்று இருந்தாள். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னடி ஆவுடை, ஜட்ஜ் வீட்டம்மா ஆகப் போறியாமே?”

பாருங்கள், அதற்குள் எவ்வளவு தூரம் போய்விட்டது. ஞானசிகாமணி எத்தனை பேரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

“எங்க? ஃபைலு உங்க ஊர்ல தூங்குது” என்றேன்.

“தூங்கினா எழுப்பிட்டாப் போச்சு. இவர்கிட்ட ஒரு வார்த்தை போட்டு வைக்கட்டுமா?”

“அதெல்லாம் வேண்டாம்டி. எங்க இருக்குன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

“பேரை முழுசாச் சொல்லு.”

சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன். தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள், நான் எதையும் கேட்கவில்லை. வேண்டாம் என்றுதான் சொன்னேன், உங்களிடம் இப்போது சொன்னேனே. இரண்டு பேர் பந்தியில் உட்கார்ந்து பேசிக்கொண்டால் அது சிபாரிசா? பாயசம் வந்தது, பேச்சு மாறிவிட்டது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லவும் இல்லை. சொல்ல என்ன இருந்தது? அன்றைக்கு ராத்திரி மட்டும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

கொஞ்ச நாள் கழித்து, கோர்ட்டு நடக்கிற நேரம், நடுப்பகலில் வீட்டுக்கு வந்தார். தலைமை நீதிபதி கூப்பிட்டு அனுப்பியிருந்தாராம். கழுத்துப் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தண்ணீர் கேட்டார். குடிக்கவில்லை.

“கல்யாணத்துல லோசனியைப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்ன பேசினீங்க?”

“சாம்பார்ல உப்பு இல்லன்னு பேசினோம்.”

“வேற?”

“என்ன இது, குறுக்கு விசாரணையா?”

“இல்ல” என்றார். “எல்லா விசாரணையும் முடிஞ்சு போச்சு. சீஃப் என் பேரைத் திருப்பி எடுத்துக்கிட்டாரு.”

யாரோ டெல்லியிலிருந்து தலைமை நீதிபதிக்கே டெலிபோன் செய்தார்களாம். தீத்தாரப்பன் நம்ம ஆளு, ஃபைலைச் சீக்கிரம் நகர்த்தச் சொல்லியிருக்கேன், நீங்களும் இன்னொரு தடவை அழுத்தி எழுதினா நல்லது என்று ஒரு குரல். தலைமை நீதிபதி இவரைக் கூப்பிட்டு, உங்களை நான் அப்படி நினைக்கவில்லை மிஸ்டர் தீத்தாரப்பன், கேட்டு வாங்குகிற ஆளை என் கையால் அனுப்புகிறதில்லை என்றாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னுட்டு வந்தேன்.”

“நான் கேக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே? யாரு செஞ்சான்னு விசாரிங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?”

எழுந்து போய், அந்தப் புது ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்தார்.

நான்தான் யோசித்தேன். அவருக்கு யோசிக்கிற நிலைமை இல்லை. டெல்லியில் போன் செய்யச் சொன்னது யார்? கெட்ட எண்ணத்தோடு, நல்லது செய்கிற மாதிரி, ஒரு அரசியல் ஆளைத் தூண்டிவிட்டு இவர் பெயரைக் கெடுத்தது யார்? இவர் பெயர் போய்விட்டால் அடுத்தது யாருக்கு வாய்ப்பு? எங்கள் கேஸ் கட்டுகளெல்லாம் யார் வீட்டில் இருந்தன? நீங்களே சொல்லுங்கள், நீங்கள் வக்கீல்.

ஆதாரமா? நீங்களும் என் வீட்டுக்காரர் மாதிரியே கேட்கிறீர்கள். லோசனியா? அவள் எதற்குச் செய்யப் போகிறாள்? நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே.

ஞானசிகாமணி அந்த வாரமே வந்தார். எல்லாக் கட்டுகளையும் வேலாயுதத்தை வைத்துச் சுமந்துவந்து, ஒன்று விடாமல் மேஜைமேல் அடுக்கினார். கட்சிக்காரர்களிடமெல்லாம் அவரே போய்ப் பேசி, தீத்தாரப்பன் திரும்பக் கோர்ட்டுக்கு வருகிறார், அவரிடமே போங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாராம். மனசு உறுத்தாமல் ஒருவர் இப்படிச் செய்வாரா? நான் காபி கொண்டுபோகவில்லை. அறை வாசலில் நின்று, “எங்க வீட்டுச் சோத்துல மண்ணள்ளிப் போட்டவங்க இனிமே இந்தப் படி ஏற வேண்டாம்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மதினி சொன்னாச் சரிதான்” என்றார். எழுந்துவிட்டார். இவர் “ஆவுடை, அவரை ஒண்ணும் சொல்லாத” என்றார். எழுந்து கூடவே வாசல் வரைக்கும் போனார். நான் ஜன்னல் பக்கம் வந்து நின்றேன். கேட் பக்கத்தில் இருவரும் பேசியது காதில் விழுந்தது.

“வே, நான் அவகிட்டச் சொல்லிருதேன்” என்றார் இவர்.

“எதுக்கு? தாங்கமாட்டாவ. என்னையே திட்டிட்டுப் போகட்டும். யாரையாவது திட்டணும்லா.”

கேட்டீர்களா? என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்ன தைரியம். என்ன சொல்லிவிடப் போகிறார் இவர்? அவர் செய்ததைத்தான். நான் தாங்கமாட்டேன் என்று இவரும் சொல்லாமலே விட்டுவிட்டார். எனக்குத்தான் தெரியுமே, சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறீர்களா? காற்று முகத்தில் அடிக்கிறது. இல்லை, வேண்டாம், இருக்கட்டும்.

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை எங்கள் வீட்டில் நடக்கவில்லை. கோர்ட்டில், பார் அசோசியேஷனில் நடந்ததாக வேலாயுதம் சொல்வார். வீட்டுக்கு வந்தால் இவர் பேசமாட்டார். கோபம் இல்லை. என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. ஏதாவது சொல்ல வருகிற மாதிரி நிமிர்வார், பிறகு “மோர் இருக்கா?” என்று கேட்பார். எத்தனையோ வருஷம் அப்படி மோர் கேட்டார். சில நாள் நானே கேட்பேன், “என்னமோ சொல்ல வந்தீங்களே?” என்று. “ஒண்ணுமில்ல” என்பார். எங்கள் வீட்டில் அந்த ஒரு வார்த்தைதான் பேச்சு.

கடைசியில் படுத்துவிட்டார், நுரையீரல். ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் அந்தப் பெரிய தீர்ப்பு வந்தது, நியமனத்தில் தலைமை நீதிபதியின் சொல்லுக்கே முதலிடம் என்று. அது இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். ஞானசிகாமணி தினமும் வருவார். அவர் வந்தால் நான் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். அன்றைக்குப் பேப்பரோடு வந்தார். கதவு ஒருக்களித்திருந்தது.

“வே, நீர் ஜெயிச்சிட்டீரு. எம்புட்டு வருஷம் கத்தினீரு. இனி சர்க்கார் வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடணும்.”

இவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். “சீஃப் ஜஸ்டிஸோட சொல்லுதான் வே என்னை வெட்டிச்சு.”

“பொறவு?”

“ஆனாலும் சரிதான்.”

இருவரும் சிரித்தார்கள். இவர் சிரிப்பு, இருமலோடு கலந்து, கரகரவென்று. அந்தச் சிரிப்பை என் வீட்டில் நான் கேட்டு எவ்வளவு காலமாகியிருந்தது என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். அன்று சாயங்காலம், “ஆவுடை, நாளைக்கு அவருக்கு ஒரு வாய் காபி கொடுத்தா என்ன?” என்று கேட்டார். மறுநாள் ஞானசிகாமணி வந்தபோது பிளாஸ்கில் காபி இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தது.

ஒரு வாரத்தில் இவர் போய்விட்டார். சுடுகாட்டுக்குப் போகும்போது எல்லாருக்கும் முன்னால் நடந்தது யார் தெரியுமா? அவர்தான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது.

இந்தாருங்கள் பேப்பர். நான் முழுக்கப் படித்துவிட்டேன். அந்த ஆணையம் இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சட்ட மந்திரி இருப்பார், வெளியிலிருந்து பிரமுகர்கள் இரண்டு பேர் இருப்பார்கள் என்று போட்டிருக்கிறதே. அவர்கள் வீட்டிலும் பெண்டுகள் இருப்பார்கள். நல்ல ஆளுக்காக ஒரு வார்த்தை போட்டு வைத்திருக்கலாம். ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா? சரி.

அதோ கொடைரோடு தாண்டிவிட்டது. மதுரை வந்துவிடும், உங்கள் பையை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கோட்டு கசங்கப் போகிறது.

என்ன கேட்டீர்கள்? ஞானசிகாமணியா? இல்லை, அவர் நீதிபதி ஆகவில்லை. எங்கள் பெயர் திரும்பி வந்த இரண்டாம் வருஷம், அடுத்து வந்த தலைமை நீதிபதி அவரைக் கூப்பிட்டுக் கேட்டாராம். முதல்ல தீத்தாரப்பனைக் கேளுங்க, அப்புறம் என்னைக் கேளுங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். மறுபடி யாரும் கேட்கவில்லை. இவர் போன பிறகு அவர் சென்னையில் இருக்கவில்லை. பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போய், ஜில்லாக் கோர்ட்டில் வக்கீலாகவே இருந்து, அங்கேயே இறந்துபோனார்.